பரிமாறியே கொல்வது

பூவம்மாவின் பந்தியில் உட்கார்ந்தவர் யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை. இப்படியொரு விதி இருப்பதாக எவரும் எவருக்கும் சொன்னதில்லை. சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் அந்த அடுக்குமாடி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது விளங்கிவிடும். ஜூரோங்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்குச் சமைக்க முடியாது என்று பூவம்மா கைவிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பீட்சா சாப்பிட்டார்கள்.

கிராஞ்சியின் தொழிலாளர் விடுதிகளுக்கு மதியச் சோறு அனுப்பும் 'பூவம்மா கேட்டரிங்' அவளுடையது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நிறுவனத்தில் உடனிருந்து உழைப்பவர்கள் இரண்டு பேர்: அண்ணன் மகன் திலீப், தம்பி மகன் வருண். தன் பிறந்தநாளான இந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்து முடிந்ததும் நிறுவனத்தை யாரிடம் ஒப்படைக்கப்போகிறாள் என்று சொல்வதாக இருந்தாள்.

வருணிடம்தான் என்பதைத் திலீப் எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டான். அதைத் தடுக்கும் வழிதான் தெரியாமல் இருந்தது. அதுவும் போன வாரம் தானாக வந்து சேர்ந்தது. திலீப்பின் மனைவி சிவானிக்குச் சென்னையில் ஒரு சித்தி மகள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கடையில் வேலை. அவள் குரல்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தாள்.

"அக்கா, போன மாசம் உங்க வருணை இங்க பார்த்தேன். வயித்தைக் குறைக்க ஆபரேஷன் பண்ற வார்டு இருக்குல்ல, அதுக்குள்ளேருந்து வந்தாரு."

திலீப்புக்கு எல்லாம் பொருந்தியது. அத்தையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பியவன், போன சாக்கில் தன் வயிற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்ததிலிருந்து அவன் கையில் எந்நேரமும் சூப் குடுவை வேறு. மறைக்காமல் என்ன செய்வான்? அளவாகச் சாப்பிடுகிறவன் சமையல் தொழிலுக்கு லாயக்கில்லை என்பது அத்தையின் கட்சியாயிற்றே!

திலீப் கைப்பேசியில் தேடிப் படித்தான். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்துவிடுவார்களாம். பல வாரங்களுக்குக் கஞ்சியும் சூப்பும்தான். அதற்குள் சோற்றைத் திணித்தால் தையல் பிரிந்து உயிருக்கே உலை.

ஆகவே, கொலைக்கருவியாகத் திலீப் தேர்ந்தெடுத்தது சோற்றுக் கரண்டி. 'போதும்' என்று சொன்னால் வருணுக்குத் தொழில் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். இரண்டில் எது போனாலும் திலீப்புக்கு ஆட்சேபம் இல்லை. விஷம் வேண்டாம், கத்தி வேண்டாம். பிரேதப் பரிசோதனையில் அகப்படப்போவது அன்பு மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்து மடக்கு மேசைகளில் இலைகள் விரிந்தன. பூவம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினாள். திலீப் பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"பொறந்தநாள் அதுவுமா நீங்க நிக்கிறதா அத்தை? உக்காருங்க. இன்னிக்கு நான்தான் பரிமாறுவேன்."

"டேய், நான் எப்பவும் எல்லாரும் சாப்பிட்டப்புறம்தானே..."

"அதெல்லாம் முடியாது லா! வருண் பக்கத்துல உக்காருங்க."

உறவினர்கள் கைதட்டினார்கள். வேறு வழியின்றிப் பூவம்மா உட்கார்ந்தாள்.

திலீப் இரண்டு இலைகளிலும் ஒரே உயரத்துக்குக் குவித்தான். வருணுக்கு மட்டும் குவித்தால் சந்தேகம் வரும். அத்தையை உபசரித்த பெயரும் வீணாகப் போகாது. சோற்றின் மேல் மட்டன் பிரட்டல், அதன் மேல் மீன்தலைக் கறி.

வருண் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நெற்றியிலிருந்து வியர்வை இலையில் சொட்டியது.

"என்ன வருண், இதுக்கே மூச்சு வாங்குது? வயிறு சின்னதாப் போச்சா?" என்று திலீப் கேட்டான்.

வருண் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "சேச்சே, ஓகேதான் அண்ணே. போடுங்க."

இரண்டாம் சுற்றில் வருணின் கண்கள் பிதுங்கின. அப்படியும் அவன் கை பக்கத்து இலைக்குத் தாவி, அத்தையின் கறித்துண்டுகளை அள்ளிக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த வேலாயுதம் மாமா அதைப் பார்த்துவிட்டார். "டேய், உன் இலை பத்தாதுன்னு அத்தை இலையிலயும் கை வைக்கிறியா?"

"அத்தை இலைன்னா டேஸ்ட்டே தனி மாமா!"

கூடமே சிரித்தது. திலீப்பும் சிரித்தான். சாகப்போகிற நேரத்திலும் இவனுக்கு எவ்வளவு பேராசை என்று அவனுக்கு வியப்பாகக்கூட இருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று. வாளியின் அடியில் கரண்டியை விட்டுக் கோபுரமாக அள்ளினான். மரியாதை கருதி அத்தையின் இலையிலிருந்தே தொடங்கினான்.

வருண் அலறினான். "அண்ணே! அத்தைக்கு வேணாம், அதையும் எனக்கே போட்டுடுங்க!"

"உனக்கும் வருது லா, பொறு. அத்தை சாப்பிடாம நீ மட்டும் சாப்பிடுவியா?"

கரண்டி கவிழ்வதற்குள் பூவம்மா இரண்டு கைகளையும் விரித்து இலையை மூடிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கண்டிராத காட்சி அது.

"போதும்டா திலீப், சென்னையில வெட்டித் தைச்சது அவன் வயித்தை இல்ல, என் வயித்தை!"