சாய்ந்த ஏரி

"ஏரி மறுபடியும் சாய்ஞ்சிருக்கு," என்றார் தையல்கடைக்காரர். மனைவி வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்துக்கொண்டிருந்த துணிச்சித்திரத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். "நேத்து நான்தானே பிரிச்சு நேரா தச்சு வச்சேன்?"

"நான்தான் திரும்பப் பிரிச்சேன்."

"உனக்கென்ன கிறுக்கா? தண்ணி ஒரு பக்கமா வழியுது. மரமும் விழுந்துடற மாதிரி நிக்குது. தையல்காரன் வீட்டுல ஒரு கோடு நேரா வரலைன்னு பார்க்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க."

"பார்க்கறவங்களுக்காக நான் தைக்கலைங்க." அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நீங்க நிமிர்த்துறதும் நான் சாய்க்கிறதுமா துணியே நைஞ்சு போச்சு. எனக்கும் முடியலை. இதை எங்க மாட்டப் போறேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் துணிச்சித்திரத்தை அதன் மரச்சட்டத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

கட்டிலில் மகள் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். விபத்தில் வலது தோள் பக்கம் சாய்ந்த அவள் கழுத்து அதன்பிறகு நிமிரவே இல்லை.

பின்னாலேயே வந்தவர் மகளின் கழுத்தையும் சித்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

ஏரி நேராக இருந்தது.

"நல்லாருக்காப்பா?" என்றாள் மகள்.

அவர் மனைவியிடம் கையை நீட்டினார்.

"அந்தக் கத்தரியைக் கொடு. மரம் இன்னும் கொஞ்சம் சாயணும்."