குட்டை வாசல்

“பிள்ளை லீவு போட்டு, பிரான்சு மலைமேல இருக்கிற ஒரு கோட்டை ஊருக்குக் காரோட்டிக்கினு போய்க் காட்டினான். எல்லாரும் மலையப் பார்த்தாங்க, மதிலப் பார்த்தாங்க. இவரு என்னடான்னா, அங்க ஒரு சர்ச்சுல அடைச்சுப் போட்ட வாசல் முன்னாடி நின்னுக்கினு அழுவறாரு! எனக்கு மானமே போச்சு.”

ராஜாமணியம்மாள் சொல்லி முடித்ததும் பெருமாள் கோயில் முன்மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சனிக்கிழமைத் திருமஞ்சனம் முடிந்திருந்தது. எல்லோர் கையிலும் புளியோதரைத் தொன்னை. மதில் வேலை செய்யும் கண்ணையனின் தொன்னை மட்டும், வெளியே அடுக்கியிருந்த செங்கற்களின் மேல் இருந்தது.

ராஜாமணியின் கணவர், தர்மகர்த்தா சக்கரபாணி சிரிக்கவில்லை. பிரான்சில் இருக்கும் மகன் கோகுலகிருஷ்ணனோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, முந்தைய நாள்தான் விழுப்புரத்தில் வந்து இறங்கியிருந்தார்.

“சர்ச்சுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு வெளியவே நின்னுட்டீங்களாண்ணே? அவ்ளோ ஆசாரமா?” என்று சீண்டினார் கோயில் கமிட்டியைச் சேர்ந்த விருத்தாசலம்.

“ஆசாரமில்ல விருத்தாசலம். வெட்கம்.”

பாதி எழும்பிய தெற்கு மதிலுக்கு அப்பால் கொத்துக்கரண்டியின் சத்தம் நின்றது.

“நம்ம செஞ்சிக் கோட்டையைச் சிறிசாக்கி, உள்ள ஜனங்களைக் குடிவெச்ச மாதிரி ஊர். நடுவுல பழைய சர்ச்சு. அதோட பெரிய வாசல்ல ஆனையே நுழையலாம். பக்கவாட்டுல, என் மார் உசரத்துக்கு இன்னொரு வாசல். கல்லு வெச்சு அடைச்சிருக்கு. இது என்னடான்னு கேட்டேன். அங்க எழுதி வெச்சிருந்ததைக் கோகுலு படிச்சுச் சொன்னான். அந்த ஊருல ஒரு கூட்டத்தையே ஒதுக்கி வெச்சிருந்தாங்களாம். எல்லாம் தச்சு வேலை செய்யறவங்க. அந்தச் சர்ச்சுக்குக் கூரை போட்டதே அவங்கதானாம். ஆனா சாமி கும்பிடணும்னா அந்தக் குட்டை வாசல் வழியா, குனிஞ்சுதான் வரணும். பிரசாதத்தைக்கூட ஒரு நீளக் கழி முனையில வெச்சு நீட்டுவாங்களாம்.”

“அடப்பாவிங்களா!” என்றார் விருத்தாசலம்.

“கட்டினவனுக்கே வாசல் இல்லைன்னா அது என்னய்யா கோயில்? பகவானைப் பார்த்தா மனுஷன் தானாவே குனிவான். நாம எதுக்கு அவனைக் குனிய வைக்கணும்?”

பாசுரம் சேவிக்கையில் தழுதழுக்கும் அதே குரல். சக்கரபாணி மேல்துண்டால் கண்களை ஒற்றிக்கொண்டார்.

“இத அங்கயே சொல்லியிருந்தா நானும் கூட நின்னு அழுதிருப்பேன்ல?” என்றாள் ராஜாமணி. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

“ஐயா, அந்த வாசலை ஏங்க அடைச்சாங்க?”

மதிலுக்கு மேலே கண்ணையனின் முகம் மட்டும் தெரிந்தது. இருபது ஆண்டுகளாக அக்கோயிலின் கொத்தனார் அவன். திருப்பணிக் காலத்தில் விமானத்தின் மீதே ஏறி நின்று சுதை பூசியவன். குடமுழுக்கு நிறைவேறிய நாள்முதல் கொடிமரத்தைத் தாண்டியதில்லை. தடுத்தவர் எவருமில்லை. அழைத்தவரும் எவருமில்லை.

“பின்னால வந்தவங்க புத்தி தெளிஞ்சு அடைச்சாங்க, கண்ணையா.”

“அப்புறம் எல்லாரும் பெரிய வாசல்லயே போனாங்களா?”

“எல்லாரும்தான்.”

கண்ணையன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

“என் பொண்ணு பானுப்ரியாவுக்கு வைகாசியில கல்யாணம் வெச்சிருக்கேனுங்க. மாப்பிள்ளை திண்டிவனம். ‘அப்பன் கட்டின கோயில்ல, பெருமாள் எதிர்லதான் தாலி கட்டிக்குவேன். இல்லன்னா தாலியே வேணாம், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறேன்’னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாலருந்தே உங்களக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேனுங்க. தைரியம் வரல. இன்னைக்கு நீங்க பேசினதக் கேட்டதும்...”

விருத்தாசலம் தம் தொன்னையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரபாணி எழுந்து மதிலருகே வந்தார். அவர் கண்களில் ஈரம் இன்னும் காயவில்லை.

“இதுக்கா இத்தனை தயக்கம்? உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான்டா. கல்யாணம் இந்தக் கோயில்லதான். போய்ச் சொல்லு அவகிட்ட.”

கண்ணையன் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினான்.

“ஒண்ணு பண்ணு. இந்த மதில்ல, மடப்பள்ளிக்குப் பின்னாடி, ஒரு வாசல் விட்டுடு. உங்க ஜனங்க அப்படியே உள்ள வந்துடலாம். அங்க கொட்டகை நானே போட்டுத் தர்றேன். நிமிர்ந்து பார்த்தா விமானம் நேராத் தெரியும். அதுவே பெருமாள் சேவைதான்.”

கூப்பிய கைகள் மெல்ல இறங்கின.

“சரிங்க” என்றான் கண்ணையன்.

பிறகு மடப்பள்ளிப் பக்கமாக நடந்து சென்று, காலையில் தானே வைத்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கத் தொடங்கினான். சாந்து இன்னும் ஈரமாகவே இருந்தது. அதனால் சிரமமில்லை.

மண்டபத்தை நோக்கி நாலடி நடந்த சக்கரபாணி, ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார். அவர் குரல் மறுபடியும் தழுதழுத்தது.

“கண்ணையா! அந்த ஊர்க்காரங்க மாதிரி குட்டையா வெச்சுடாதே. ஏழடி வை. எவனும் குனிஞ்சு வரக் கூடாது.”