சுத்த தன்யாசியில் ஓர் அன்னிய ஸ்வரம்

"கொழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்று பிச்சுமணி சொன்னதும், இந்த வரனை எப்படிக் கலைப்பது என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

கலைத்தே ஆக வேண்டும். சென்னையில் ஒரு மேற்கத்திய இசைக் கல்லூரியில் அவள் ஜாஸும் பாப்பும் படிக்கிறாள். முதல் வருஷம் முடிந்து வலியசாலையில் இருக்கும் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த இடத்தில், அப்பா சேஷன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த இடம் தகைந்தால் கல்யாணம். தகையாவிட்டால் இரண்டாம் வருஷம்.

இரண்டாம் வருஷத்தில்தான் பேண்டோடு மேடையேற்றுவார்கள். அதற்காகத்தான் அவள் ஒரு வருஷம் ஹாஸ்டல் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டாள்.

பிள்ளை வீட்டாரிடம் தரகர், "சங்கீதம் படிக்கிறாள்" என்று மட்டும் சொல்லியிருந்தார். பொய்யில்லை.

பையன் சுமந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வந்ததிலிருந்து நேந்திரம்பழ பஜ்ஜியைத் தவிர வேறு எதையும் அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வருகிற வழியில் அவர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார்கள். விஷ்ணுப்ரியா அதற்கு முன்பே போய் ஒன்று உடைத்திருந்தாள். விக்னம் தீர்க்கிறவர் யாருடைய விக்னத்தைத் தீர்ப்பார்? பாவம், அவர் பாடு.

பையனின் அப்பா பிச்சுமணி ஏஜீஸ் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர். துணைக்கு அவருடைய அத்திம்பேர், அக்கா புருஷன் ராமசுப்ரமணியன் வந்திருந்தார். இருவரும் வருஷா வருஷம் நவராத்திரி மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர்கள். பாடகர் வாயைத் திறந்து மூடுவதற்குள் யார் முதலில் ராகத்தைச் சொல்வது என்பதில் போட்டி.

விஷ்ணுப்ரியா பாயில் உட்கார்ந்தாள். சுருதிப் பெட்டி வேண்டாம் என்றாள். பிறகு, கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ப்ளூஸ் ஒன்றை எடுத்தாள். ஜாஸுக்கே பிறந்த வீடு அதுதான்.

வார்த்தையே கிடையாது. தூ பா, தா பா தூ என்று இழுத்தாள். ஓரிடத்தில் ஸ்வரத்தை நசுக்கி, விழப்போகிறவள் மாதிரி போய், விழாமல் திரும்பினாள். கர்நாடக சங்கீதம் பழகிய தொண்டை அந்த ஒரு ஸ்வரத்துக்கு இணங்கவே முதல் வருஷத்தில் பாதி போயிருந்தது.

சமையலறை வாசலில் நின்ற அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

பாடிக்கொண்டே விஷ்ணுப்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவராவது முகம் சுளிக்க மாட்டார்களா என்றிருந்தது.

யாரும் சுளிக்கவில்லை. பிச்சுமணி கண்ணை மூடியிருந்தார். அவர் மூடியதைப் பார்த்து ராமசுப்ரமணியன் இன்னும் இறுக்கி மூடியிருந்தார். பையனின் அம்மா வாலாம்பாள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பாட்டு முடிந்தது.

"சுத்த தன்யாசியாக்கும்" என்றார் பிச்சுமணி.

"அது பச்சைக் கொழந்தையும் சொல்லும். நடுவிலே ஒரு அன்னிய ஸ்வரம் வந்துதே, கவனிச்சேளோ?" என்றார் ராமசுப்ரமணியன்.

ராகத்துக்குச் சொந்தமில்லாத ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டவர் என்று பேர் வாங்கப் பிச்சுமணி தயாராக இல்லை. அதற்காகத்தான் கண்ணையே மூடினேன் என்றார். இப்படி ஒரு பிரயோகத்தை இந்தக் காலத்தில் யார் பாடுகிறார்கள் என்றார். சேஷன் உத்தரத்திலிருந்து இறங்கி வந்து, எல்லாம் நல்ல குருவிடம் கற்ற பாடாந்தரம் என்று கூசாமல் சொன்னார்.

விஷ்ணுப்ரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் குரங்கைத்தான் பிடித்தாள். அது பிள்ளையாராக வந்து உட்கார்ந்துவிட்டது.

பிச்சுமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்களுக்குப் பரம திருப்தி..."

"பல்லி சொல்லித்து" என்றாள் வாலாம்பாள்.

எல்லோரும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீங்க வாயெடுத்த நேரத்துக்குச் சரியாச் சொல்லித்து. யாரும் கேக்கலையா?"

நல்ல காரியம் பேசும்போது வேண்டாத திக்கில் பல்லி சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் சங்கடம் அதுவல்ல. அன்னிய ஸ்வரத்தைப் பிடித்த காது ஒரு பல்லியைக் கோட்டைவிட்டது என்று எவர் ஒப்புக்கொள்வார்?

"கேட்டேனே" என்றார் பிச்சுமணி, சற்றுத் தாமதித்து.

"ரெண்டு தரம் சொல்லித்து. தெற்கேயாக்கும்" என்றார் ராமசுப்ரமணியன்.

சேஷனும் தலையாட்டிவைத்தார். சொந்த வீட்டுப் பல்லி ஆயிற்றே.

அப்புறம் எல்லாம் மரியாதையாகவே நடந்தது. பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, தெய்வ சங்கல்பம் இப்படி என்று சொல்லிக்கொண்டே ஆண்கள் வாசலில் செருப்புத் தேடினார்கள்.

உள்ளே விஷ்ணுப்ரியா வாலாம்பாளிடம் குங்குமச் சிமிழை நீட்டினாள். சந்தோஷம்தான். ஆனாலும் அவளுக்கும் காது உண்டு. அந்தக் காதைத்தான் கல்லூரியில் ஒரு வருஷமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, மாமி."

வாலாம்பாள் குங்குமத்தைத் தொட்டுப் பெண்ணின் நெற்றியில் வைத்தாள். வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கும் சங்கீத காலேஜ்லே இடம் கிடைச்சிருந்தது, கேட்டியா. இவா பெண் பார்க்க வந்தன்னிக்கு, நான் ஒழுங்காப் பாடித் தொலைச்சேன்."