நாலாவது செமி பைனல்

"இவியதான் ரெஃப்ரின்னா நாங்க கிரவுண்டுல எறங்க மாட்டோம் அண்ணாச்சி."

கோவில்பட்டி அணியின் கேப்டன் முத்துசெல்வம் சொன்னதைக் கேட்டு மாயகிருஷ்ணனுக்கு வேர்த்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியான அவர்தான் கால்பந்துக் கமிட்டியின் செயலாளர். செமி பைனல் தொடங்க வேண்டிய நேரம். கழுகுமலை அணி ஏற்கெனவே மைதானத்தில் இறங்கிப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

ரெஃப்ரி சண்முகராஜ் பக்கத்திலேயே குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார், எதுவும் காதில் விழாதது போல.

முத்துசெல்வம் விடுவதாக இல்லை. தொண்ணூற்றொன்பதில் குளத்தூரோடு ஆடியபோது மழை. கரிசல் மண் களியாகி ஷூவில் அப்பி, காலைத் தூக்கவே முடியாத ஆட்டத்தில், பந்து கையில் பட்டது என்று எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தது இவர். மறு வருஷம் ஓட்டப்பிடாரத்தோடு மோதியபோது மணிராஜ் போட்ட கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்ததும் இவர். போன வருஷம் எதிர்த்துப் பேசினான் என்று முத்துசெல்வத்துக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். மூன்று வருஷமும் பைனல் வாசலோடு திரும்பியாயிற்று.

மாயகிருஷ்ணனும் சும்மா இருக்கவில்லை. கையில் பந்து பட்டதைத் தானே பார்த்ததாகச் சொன்னார். மறு வருஷம் ஒரு கோல் போனால் போகட்டும், அதற்கப்புறம் கோல்கீப்பரே இல்லாத இடத்தில் பந்தை வெளியே அடித்தது யார் என்று கேட்டார். போன வருஷம் கெடுத்தது வாய்தான் என்றார்.

"ஆள மாத்த முடியாதுப்பா. இவரு ஊதுனாத்தான் ஆடுவோம்னு கழுகுமலைக்காரங்க சொல்லிட்டாங்க."

"சொல்லத்தான செய்வாங்க. எங்களத் தோக்கடிச்சுத்தான இவிய நேர்மையான ஆளுன்னு பேரெடுத்திருக்காவ." முத்துசெல்வம் ரெஃப்ரி பக்கம் திரும்பினான். "எங்க மேல அப்படி என்ன கோவம் சார் உங்களுக்கு?"

அந்த 'சார்' என்ற சொல்லுக்கு மட்டும் சண்முகராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணால பாத்தத ஊதுதேன். நீங்க எறங்கலன்னா கழுகுமலை ஜெயிச்சதா அறிவிக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஆட்டம் முடியப்போகும் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அப்போது பந்தோடு கோலுக்கு நேராகப் பாய்ந்த முத்துசெல்வத்தின் காலை, கழுகுமலைக் கேப்டன் செல்லத்துரை பின்னாலிருந்து வாரிவிட்டான். முகம் குப்புறப் புழுதியில் விழுந்த முத்துசெல்வம் கையைக்கூடத் தூக்கவில்லை. கேட்டு என்ன பிரயோஜனம்?

விசில் கேட்டது. தலையை நிமிர்த்தினால், சண்முகராஜின் கை பெனால்டிப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது.

முத்துசெல்வமே அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

ஊர்க்காரர்கள் முத்துசெல்வத்தைத் தூக்க ஓடிவந்தார்கள். கழுகுமலைக்காரர்கள் சண்முகராஜை வளைத்துக்கொண்டார்கள். தான் பந்தைத்தான் தொட்டதாகச் சொல்லிச் செல்லத்துரை அவர் சட்டையைப் பிடித்தான். ஆள் பார்த்து ஊதிவிட்டார் என்றது கூட்டம். அவருக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை.

நடந்தது என்னவென்று முத்துசெல்வத்தின் கணுக்காலுக்குத் தெரியும். தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடி நடுவில் புகுந்தான்.

"இவிய ஊதுனது சரிதான்" என்றான். பிறகு, "இன்னைக்கு மட்டுமில்ல. அந்த மூணு வருஷமும் சரிதான்."

செல்லத்துரை சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"நல்லாருக்குடே. கூடப்பொறந்த அண்ணனுக்குத் தம்பி சாட்சி!"