ஏழாம் படுக்கையின் உண்ணாவிரதம்

“ஏழாம் நம்பர் படுக்கை மறுபடியும் உண்ணாவிரதம்” என்று போனில் சொன்னாள், வார்டுக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ். இரண்டு வேளை தட்டு தொடப்படாமல் திரும்பினால் டயட்டீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி.

டயட்டீஷியன் மூச்சிரைக்க மாடியேறினாள். முன்பு இந்த வேலைக்கு அவளோடு சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்தி வேறு வேலை தேடிக்கொண்டாள், ஒருத்தி காரணமே சொல்லாமல் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அவர்களுடைய வேலை மட்டும் ராஜினாமா செய்யவில்லை. மொத்தமாக இவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விடியுமுன் வந்தால், நோயாளிகள் எல்லாரும் தூங்கிய பிறகுதான் கிளம்புவாள்.

ஊரையே நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் அன்று சாப்பிட்டிருந்தது ஒரு பிஸ்கட். அதிலும் பாதி பையில் உதிர்ந்திருந்தது.

அவளைக் கண்டதும் ஏழாம் படுக்கைப் பெண்மணி எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிடிவாதக்காரி என்று வார்டு முழுக்கப் பெயரெடுத்தவள்.

“எடை இறங்கிக்கிட்டே போகுது. இன்னும் ஒரு வேளை விட்டா மூக்குல குழாய்தான்.”

“குழாயில ஊத்துறதுக்கு நீ வருவியா?”

“நான் எதுக்கு? நர்ஸே பார்த்துப்பாங்க.”

“அப்ப வேணாம். ஸ்பூனை எடு.”

ஊட்ட ஊட்டக் கிண்ணத்து சூப் முழுக்க இறங்கியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்மணி தன் பால் டம்ளரை நகர்த்தினாள். பாதி மிச்சமிருந்தது.

“குடி. ஆடையை எடுத்துட்டேன்.”

ஆடை கண்டால் குமட்டும் டயட்டீஷியன், நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். குடித்து முடித்ததும் கோபம் வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கோபம்.

“இப்ப மட்டும் இறங்குதுல்ல? மதியம் என்ன வந்துச்சு? ஒரு ஆளுக்காக நான் எத்தனை தடவை மாடி ஏறுவேன்? என்னால முடியலை.”

குரல் உடைந்தது. அந்தப் பெண்மணி, கோணலாகத் தொங்கிய அவளுடைய அடையாள அட்டையை நேராக்கிவிட்டாள்.

“ஒழுங்கா சாப்பிட்டா, பெத்த பொண்ணை நான் எப்படிடி பார்க்கிறது?”