தாழ்ப்பாள்

புயல் அடித்துப் பன்னிரண்டாம் நாள், ஒரு பிளாஸ்டிக் கதவைச் சைக்கிள் கேரியரில் கட்டி மிதித்து வந்தேன். சாய்ந்து கிடந்த வேப்பமரத்தருகே இரண்டு பேர் கதவோடு சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள்.

"வீட்டுக்குக் கூரையே இல்ல, கதவு எதுக்குண்ணே?" என்று கேட்டான் அவர்களில் ஒருவன்.

காலையில் நானும் இதைத்தான் கேட்டேன். "கூரை கிடக்கட்டும். தெருவுல ஒரு பாத்ரூம் கதவும் மிஞ்சல. மொதல்ல நம்ம பாத்ரூமுக்குக் கதவு போடுங்க" என்றாள் என் மனைவி ரெஜினா.

கதவை மாட்டியதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பிறகு அவசரமில்லாமல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஸ்க்ரூடிரைவரோடு திரும்பினேன். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர், தோளில் துண்டும் கையில் வாளியுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் நின்றவள் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நிதானமா குளிச்சிட்டு வாங்கக்கா. நாங்க நிக்கிறோம்."