நாலு பெட்டி ஷெட்

"சார், புது ரயிலுக்கு அஞ்சு பெட்டி. நீங்க கட்டின ஷெட்ல நாலுதான் நிக்கும்," என்றார் பணிமனை ஃபோர்மேன் கோஸ்தாகே.

திட்டப் பொறியாளர் சில்வியு வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு அளவெல்லாம் எதுக்கு? நாளைக்கு அமைச்சர் அந்த ரயில்லதான் வர்றார். உள்ள வந்ததும் ஷெட் கதவை மூடணும். மூடலைன்னா உனக்கு வேலை இல்லை."

கோஸ்தாகே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் ரயில் உள்ளே வந்தது. ஷெட் கதவும் சிக்கலின்றி மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பார்த்தியா?" என்று இளித்த சில்வியு, அந்த ஊர் வழக்கப்படி அமைச்சரை வரவேற்க வைத்திருந்த ரொட்டி, உப்புத் தட்டுடன் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினார். "அமைச்சர் எங்கய்யா?"

"கடைசிப் பெட்டியில, சார். அதை முந்தின ஸ்டேஷன்லயே கழட்டி விட்டுட்டேன்."